கயிறு மாறாத துயில்

துயிலை விற்கலாம் என்றான பிறகு அரவணைப்பாளையத்து மாட்டுச் சந்தையில் மறுபடியும் கூட்டம் கூடியது. மாடுகள் அருகிப்போய், அதற்குமுன் பதினைந்து ஆண்டுகள் வெறுமையாய்க் கிடந்த திடல் அது. தரகர்கள் மட்டும் பழைய தரகர்களே. காளையின் வாயைப் பிளந்து பல் பார்த்த விரல்கள் இப்போது துயில் நிறைத்த கண்ணாடிக் குடுவையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தன. துண்டுக்கு அடியில் விரல் பற்றி விலை பேசும் வழக்கமும் போகவில்லை. கயிறு மாற்றும் வழக்கமும் போகவில்லை.

மாட்டை விற்றவன் மாட்டைத்தான் கொடுப்பான். கயிற்றைக் கொடுக்க மாட்டான். வாங்கியவன் தான் கொண்டுவந்த புதுக் கயிற்றைக் கட்டியதும், விற்றவன் பழையதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு நடந்துவிடுவான். அந்தக் கணம் முதல் மாடு செத்தாலும் வாங்கியவனுக்கே செத்தது. குடுவைக்கும் அதே முறை. அதன் கழுத்தில், விற்றவருடைய நாடித்துடிப்பைப் பதிந்த கயிறு ஒன்று சுற்றியிருக்கும். அதை அவிழ்த்துவிட்டுப் பெறுபவரின் நாடிக்கு இசைந்த கயிற்றைக் கட்டினாலன்றித் துயில் வேறோர் உடலில் இறங்காது. அவிழ்த்த கயிற்றை விற்றவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துக்கொள்வார். எதற்கென்று யாரும் கேட்டதில்லை.

சந்தை வழக்குகளைத் தீர்ப்பவர் நடுவர் அனந்தசயனம். அறுபத்தெட்டு வயது, மனைவியை இழந்தவர். ஊரின் பள்ளிகொண்ட பெருமாள் சன்னிதியில் நாற்பது ஆண்டுகளாக விடியல்தோறும் நின்று, துயிலும் இறைவனைத் துயிலெழுப்பும் பாடலைப் பாடி வருபவர். இரவு எட்டு மணிக்குத் தலை சாய்த்தால் நான்கு மணிக்குத்தான் கண் திறப்பார். நடுவே இடி விழுந்தாலும் அறியார். தம் துயிலை விற்காத மிகச் சிலருள் அவர் ஒருவர். கண் சிவந்து, நடை தளர்ந்து வரும் மனிதர்களுக்குத் தெளிந்த முகத்தோடு தீர்ப்புச் சொல்வதில் அவருக்கு உள்ளூர ஒரு கூச்சம் இருந்தது. ஆயினும் அந்தக் கூச்சமும் எட்டு மணிக்கு அவரோடு உறங்கிவிடும்.

அந்தத் திங்கட்கிழமைக் காலையில் அவர்முன் இருவர் நின்றனர்.

ஒருத்தி மாராத்தாள், முப்பத்தெட்டு வயதுத் தறிக்காரி. அடகில் போன இரண்டு தறிகளை மீட்பதற்காக, ஒன்பது மாதம் ஒவ்வோர் இரவிலும் தன் உறக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை வடிக்கக் கொடுத்து, தொண்ணூறு இரவுகளின் ஆழ்துயிலை ஒரு குடுவையில் நிறைத்தவள். மற்றவர் ராசப்பன், லாரி ஓட்டுநர். அவருடைய மகள் தாரணிக்குப் பத்தொன்பது வயது. உறக்கத்தைப் பிறப்பிக்கும் நரம்பு பழுதாகி, நாற்பது நாட்களாக அந்தப் பெண் கண்மூடவில்லை. பிறர் துயில் தொண்ணூறு இரவு உள்ளே இறங்கினால் நரம்பு தானே கூடிவிடும். ஆனால் இன்னும் பத்து நாளுக்குள் அது தொடங்கியாக வேண்டும் என்று மருத்துவர்கள் தவணை வைத்திருந்தனர். ராசப்பன் லாரியை விற்று மாராத்தாளின் குடுவையை வாங்கினார். அந்த ஆண்டு சந்தைக்கு வந்தவற்றில் முன்பதிவாகாத குடுவை அது ஒன்றே.

சனிக்கிழமை அது களவு போயிற்று.

“வெலை பேசியாச்சு, கையைப் புடிச்சாச்சு, காசும் எண்ணி வாங்கியாச்சுங்க சாமி,” என்றாள் மாராத்தாள். “அதுக்கப்பறம் அது அவரு பொருளு. அவரு பொருளு திருட்டுப் போனா நான் என்ன பண்றதுங்க?”

“ஏனம்மணி, கயிறு மாறுச்சா?” ராசப்பன் அவளைப் பாராமலே கேட்டார். “உன்ற கயிறு அது கழுத்துல கெடக்கற வரைக்கும் அது உன்ற மாடு.”

“மாடுங்கறாரு பாருங்க! என்ற தூக்கம் இவருக்கு மாடாத் தெரியுது.”

“மாடா இருந்திருந்தா கத்தியாச்சும் இருக்கும். யாராச்சும் திரும்பிப் பாத்திருப்பாங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். அந்தச் சிரிப்பு முழுதாக எழவில்லை. பாதியிலேயே ஒவ்வொருவர் வாயிலும் கொட்டாவியாக மாறிற்று. துயில் சந்தையில் எந்தச் சிரிப்பும் அப்படித்தான் முடியும்.

அனந்தசயனம் கையை உயர்த்தினார். “இரண்டு பேரும் தெரிஞ்சுண்டு பேசுங்கோ. இழப்பு வாங்கினவர்மேல் விழுந்தால் ராசப்பன் வெறுங்கையோடு போகணும். விற்றவள்மேல் விழுந்தால் காசைத் திருப்பிக் கொடுத்து நழுவ முடியாது. துயிலாகத்தான் ஈடு கட்டணும். அதுவும் பத்து நாளுக்குள்ளே. கஸ்தூரி, அது முடியுமா?”

சந்தையின் மருத்துவர் கஸ்தூரி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அவளும் இருமுறை விற்றவள்.

“முடியும் சார். ஒன்பது மாசம் சொட்டுச் சொட்டா எடுத்தத மூணே நாள்ல ஒட்ட எடுக்கணும். மறுவடிப்புன்னு பேரு. அப்புறம் அந்த உடம்புல தூக்கம் ஊறாது. பகல்ல கொஞ்சம் கண் அசரும், அவ்வளவுதான். எத்தன வருஷம் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது.”

மாராத்தாள் தன் இரு கைகளையும் விரித்துப் பார்த்தாள். “இப்பவே கை முன்ன மாதிரி ஓட மாட்டீங்குதுங்க. அறுந்த இழைய கண்ணை மூடிட்டு முடிவேன். வித்ததுக்கப்பறம் அந்த முடிச்சே மறந்து மறந்து போவுது. தூக்கத்தோட சேத்தி கையையும் ஊத்திக் குடுத்துட்டனோன்னு இருக்குது.”

“போகும். தூக்கத்துலதான் பழக்கமெல்லாம் படியுது. வடிக்கறப்ப கூடவே கொஞ்சம் வந்துடும்.” கஸ்தூரி அதை வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்.

ராசப்பன் முதன்முறையாக மாராத்தாளின் முகத்தைப் பார்த்தார். துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் திடலின் மேற்கு மூலையிலிருந்து ஒருவன் ஓடிவந்தான். குடுவை கிடைத்துவிட்டது, குடுவை மட்டும்.

மாடுகள் நீர் குடித்த பழைய கல்தொட்டி அங்கே வறண்டு கிடந்தது. அதனுள் வைக்கோலைப் பரப்பி, வலக்கையைத் தலைக்கு அணையாக மடித்து, இடக்கையைத் தொடைமீது நீட்டி ஒரு மனிதன் உறங்கிக்கொண்டிருந்தான். சந்தைச் சுமைதூக்கி தங்கராசு. வீடு ஏலத்தில் போகாமலிருக்க மூன்று முறை தன் துயிலை விற்றவன். மூன்றாம் முறைக்குப் பிறகு ஆறாண்டுகளாக உறக்கமற்று மூட்டை சுமந்தவன். காலியான குடுவை அவன் மார்பருகே இருந்தது. அதன் கழுத்தில் நைந்து கறுத்த கயிறு. முதன்முதலாக விற்றபோது அவன் வீட்டுக்குக் கொண்டுபோன தன் சொந்தக் கயிறு. அவிழ்க்கப்பட்ட மாராத்தாளின் கயிறு வைக்கோலின்மேல் ஒழுங்காகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. திருடியவன் வழக்கத்தை மீறவில்லை.

“கயிறு மாறிப்போச்சுங்க சாமி,” என்றார் ராசப்பன். குரலில் கேலியும் இல்லை, அழுகையும் இல்லை. “எனக்கு மாறாதது இவனுக்கு மாறிப்போச்சு.”

“எழுப்புங்கய்யா அவன!” என்று ஒரு தரகர் காலை ஓங்கினார்.

“தொடாதீங்க,” என்றாள் கஸ்தூரி. “எழுப்பினா மிச்சமும் சிந்திடும். உள்ள எறங்கி ரெண்டு நாள் ஆச்சு. இன்னும் எண்பத்தெட்டு நாள் தூங்குவான்.”

“அவன் உடம்புலேருந்து திருப்பி எடுக்க முடியாதா?” என்றார் அனந்தசயனம்.

“எடுக்கலாம். ஆனா அவன் கிட்ட சொந்தமா ஒண்ணுமே இல்லையே சார். இதையும் எடுத்தா எந்திரிக்கவே மாட்டான்.”

கூட்டத்தின் கண்கள் அத்தனையும் அந்தத் தொட்டியின்மேல் இருந்தன. சினத்தைக் காட்டிலும் ஏக்கமே அவற்றில் மிகுந்திருந்தது. மூச்சு சீராக ஏறி இறங்க, இதழ் சற்றே பிரிந்து, நெற்றியில் ஒரு சுருக்கமும் இன்றி அவன் கிடந்தான். அனந்தசயனத்துக்கு அந்தக் கிடை தெரிந்த கிடையாக இருந்தது. நாற்பது ஆண்டுகளாகத் தாம் கைகூப்பி நின்ற கோலம். பாம்பணைக்குப் பதில் வைக்கோல். அந்த எண்ணம் பிழையோ என்று அவர் நாவைக் கடித்துக்கொண்டார்.

தங்கராசின் இடக்கை விரல்கள் அசைந்தன. கட்டைவிரலும் சுட்டுவிரலும் காற்றில் எதையோ பற்றி, ஒருமுறை சுழற்றி, இழுத்து விட்டன. மறுபடியும் பற்றிச் சுழற்றி இழுத்தன.

மாராத்தாள் தொட்டியின் விளிம்பில் குந்தினாள். “என்றதுதானுங்க. இழை முடியறான் பாருங்க. வாழ்நாள்ல தறிப்பக்கமே போகாதவன்.” நெடுநேரம் பார்த்திருந்தாள். “இப்படித்தான் தூங்கிருக்கறேன் போல. நான் தூங்கி நானே பாத்ததில்லீங்களே.”

பிறகு தன் கயிற்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வெயில் விழுந்த அவன் முகத்தின்மேல் முந்தானையை நீட்டிப் பிடித்தாள். ஓங்கிய காலைத் தரகர் எப்போது இறக்கினார் என்று எவரும் கவனிக்கவில்லை.

வழக்கு மறுபடியும் மன்றத்துக்கு வந்தது. நடுவர் களைத்திருந்தார், பேச்சை முடித்துவிட விரும்பினார்.

“ராசப்பன், நீ சனிக்கிழமை எத்தனை மணிக்கு வந்தாய்?”

“ஒம்பதுக்கு ரெண்டு நிமிசம் இருந்துச்சுங்க. கயிறு கையில இருந்துச்சு. பொண்ணு வாடகை வண்டியில இருந்தா. அப்படியே கட்டி எடுத்துட்டுப் போயிரலாம்னுதான் வந்தனுங்க.”

“பின்னே ஏன் கட்டவில்லை? இந்தச் சந்தையில் இருபது வருஷமாக ஒரே தீர்ப்பைத்தான் சொல்லிண்டு வரேன். பேசி முடித்த பொருளைக் கைமாற்றுவதில் யார் தாமதம் செய்தாரோ, அந்தத் தாமதத்தில் வந்த இழப்பும் அவருடையது. நீ தாமதித்தாயா, இவள் தாமதித்தாளா? அதைச் சொன்னால் போதும்.”

ராசப்பன் தலையைக் குனிந்துகொண்டார். மாராத்தாள் கூரையைப் பார்த்தாள். கஸ்தூரி தன் செருப்பைப் பார்த்தாள்.

“ஏன், வாயில் கொழுக்கட்டையா?” என்றார் நடுவர்.

“நான் கேட்டனுங்க,” என்றார் ராசப்பன் மெதுவாக. “பத்து நிமிசத்துல கட்டிப்போடலாமுங்களேன்னு. இந்த அம்மணியும் ‘கட்டிக் குடுத்துருங்க, பொண்ணு பாவம்’னுச்சு. முடியாதுன்னுட்டாங்க. அலமாரியில வெச்சுட்டு டீ குடிச்சுட்டு வாங்கன்னாங்க. பத்தரைக்கு வந்தா அலமாரி காலி.”

“முடியாது என்றது யார்?”

“நீங்கதானுங்க சாமி, நீங்க மாட்டுன பலகை,” என்றாள் மாராத்தாள்.

அவள் கை வாயிலை நோக்கி நீண்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அனந்தசயனம் தம் கையாலேயே எழுதி மாட்டிய பலகை அங்கே தொங்கியது: ‘இராகு காலத்தில் கயிறு மாற்றம் இல்லை. நடுவர்.’ சனிக்கிழமைக்கு ஒன்பது முதல் பத்தரை வரை. அரசு விதியில் அப்படி ஒரு வரி கிடையாது. ஒருவர் உடலின் அமைதி இன்னோர் உடலுக்குப் போகும் நேரம் நல்ல நேரமாக இருக்கட்டும் என்று நெஞ்சார நினைத்து எழுதினார். எழுதிய நாள்முதல் அந்த ஒன்றரை மணி நேரம் சந்தை முழுவதும் கைகட்டி ஓய்ந்திருக்கும். தராசு நிற்கும், தரகர் பேச்சு நிற்கும், அலமாரிக் காவலாளியும் டீக்கடைக்குப் போய்விடுவான். விற்றவளுடையது என்றோ வாங்கியவனுடையது என்றோ சொல்ல இயலாத பொருள் ஒன்று அந்நேரத்தில் திறந்த அலமாரியில் தனியே இருக்கும் என்பது பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் நினைவில் எழவில்லை.

“நீங்க நல்லதுக்குத்தான் எழுதுனீங்க,” என்றார் ராசப்பன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

நடுவர் பலகையை நெடுநேரம் பார்த்தார். தம் எழுத்து அழகாக இருந்தது. ஒவ்வொரு புள்ளியையும் சிரத்தையோடு வைத்திருந்தார்.

“கஸ்தூரி, என் வயதுக்காரன் உடம்பில் தொண்ணூறு இரவு இருக்குமா?”

அவள் நிமிர்ந்தாள். “சார், அதெல்லாம் வேண்டாம். சந்தைச் சங்கத்துல பேசலாம், மேலிடத்துக்கு எழுதலாம்.”

“மேலிடம் பத்து நாளில் பதில் போடுமா?”

அவள் மறுபடியும் செருப்பைப் பார்த்தாள்.

“இருக்குமா என்று கேட்டேன்.”

“உங்களுக்கு இருக்கும்,” என்றாள் கஸ்தூரி. “இந்த ஊர்ல உங்களுக்கு மட்டுந்தான் இருக்கும். ஆனா கூட என்னென்ன போகும்னு தெரியாது.”

“சாமி,” என்று மாராத்தாள் முன்னே வந்தாள். “என்ற தூக்கத்துக்கு நீங்க ஈடு. உங்க தூக்கத்துக்கு யாருங்க ஈடு?”

“நான் இதை விற்கவில்லையே அம்மா. விற்றால்தானே வழக்கு.” சிறிதே நகைத்தார். “தீர்ப்பை எழுதிக்கொள்ளுங்கோ. தாமதம் நடுவருடையது. இழப்பும் அவருடையது.”

மூன்று நாட்கள் வடித்தார்கள். வலி இல்லை. கிணற்றில் நீர் இறைக்க இறைக்கத் தரை தெரிந்துவருவதுபோல், தமக்குள் ஏதோ ஓர் அடித்தளம் வெளிப்பட்டுக்கொண்டே வருவதை அவர் கண்மூடிக் கவனித்திருந்தார். நான்காம் நாள் விழித்தபோது, விழித்தோம் என்றே தோன்றவில்லை. முந்தைய நாள் முடியாமல் அப்படியே நீண்டுகொண்டிருந்தது.

மறு சனிக்கிழமை குடுவையை மேசைமேல் வைத்தபோது ஒன்பதே கால். ராசப்பன் பேருந்திலேயே மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெண் பெஞ்சில் சுருண்டு, மூடாத கண்களோடு சுவரை வெறித்திருந்தாள். ராசப்பன் கயிற்றை எடுத்தவர் வாயிலைப் பார்த்தார். பலகை இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

“சாமி, ராகு காலமுங்க,” என்றார் தயங்கி.

“தெரியும். கட்டு.”

“பத்தரைக்குக் கட்டிக்கறனுங்க. ஒரு மணி நேரந்தானுங்களே. பொண்ணு விசயம்.”

“ராசப்பா, அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் பொறுப்பேற்க இனி என்னிடம் ஒன்றும் இல்லை. கட்டு.”

ராசப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கட்டினார். அவிழ்ந்த கயிற்றைக் கஸ்தூரி நீட்டினாள். அனந்தசயனம் அதைச் சுருட்டி இடுப்பில் செருகினார்; செருகத் தெரியாமல் இருமுறை கீழே விழுந்தது. மாராத்தாள் எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிறு விடியலில் அவர் வழக்கம்போல் நீராடி, நெற்றியில் திருமண் இட்டுச் சன்னிதிக்குச் சென்றார். வழக்கம்போல் என்பது தவறு. அவர் எழவில்லை, எழுவதற்கு உறங்கவில்லை. கிழக்கு வெளுத்திருந்தது. மதிற்புறத்து மரத்தில் பறவைகள் ஒலி எழுப்பத் தொடங்கியிருந்தன. மூடிய கதவருகே இளம் பட்டர் சாவியோடு நின்றார்.

“ஆரம்பிக்கலாமே மாமா.”

அனந்தசயனம் கைகூப்பினார். வாய் திறந்தது. முதற்சொல் வரவில்லை. பொருள் நினைவிருந்தது: இருள் அகன்றது, மலர்கள் விரிந்தன, அடியார் வாயிலில் வந்து நிற்கின்றனர், எழுந்தருள்வாய். பொருளெல்லாம் இருந்தது. பாடல்தான் இல்லை. மெட்டைத் தொட்டுப் பார்த்தார், மெட்டும் இல்லை. நாற்பது ஆண்டுகள் நான்கு மணிக்கு நாவில் தானே ஊறிய ஒன்று, ஊறும் இடத்தோடு போய்விட்டிருந்தது.

“மாமா?”

அவர் மடியில் கைப்பேசி அதிர்ந்தது. ராசப்பன் தாழ்ந்த குரலில் பேசினார்.

“சாமி, தூங்கறாளுங்க. நேத்து எட்டு மணிக்குக் கண்ண மூடுனவ அசையவேயில்ல. ஆனா நாலு மணியிலிருந்து வாய் என்னமோ பாடீட்டே இருக்குதுங்க. நிறுத்தி நிறுத்திப் பாடுது. எங்களுக்கு ஒரு எழவும் புரியல. எந்திரிச்சுருவாளோன்னு பயமா இருக்குதுங்க. தட்டிப் படுக்க வெச்சரட்டுங்களா?”

“ஃபோனை அவள் வாய்கிட்டே வை.”

சிறிது நேரம் துணி உரசும் ஓசை கேட்டது. பின்பு, இடிக்கும் விழிக்காத ஆழத்தின் அடியிலிருந்து, பயிலாத இளங்குரல் ஒன்று சொற்கள் குழறியபோதும் மெட்டுச் சிதையாமல், எழுந்தருள்வாய் என்று அழைத்துக்கொண்டிருந்தது. அனந்தசயனம் கைப்பேசியைக் கதவை நோக்கிப் பிடித்தார்.

“எழுப்பாதே ராசப்பா,” என்றார். “அவள் பாடி முடிக்கட்டும்.”

பட்டர் தாழில் கைவைத்தபடி காத்திருந்தார்.